அமெரிக்க மாப்பிள்ளை, எந்த விசா? திருமணமும் குடியுரிமையும்: சட்டம் சொல்வது என்ன

"பையன் அமெரிக்காவில் இருக்கிறார், கல்யாணம் ஆனதும் பெண்ணுக்கும் கிரீன் கார்டு கிடைத்துவிடும்." வரன் பார்க்கும் வீடுகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பையன் எந்த விசாவில் இருக்கிறார், திருமணம் எந்தத் தேதியில் நடக்கிறது, பெண் எந்த நாட்டில் பிறந்தவர் ஆகிய மூன்றும் தெரியாமல் இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் சொல்ல முடியாது.

இன்று பெரும்பாலான நாடுகளில் தாலி கட்டிய காரணத்தால் மட்டும் ஒருவருக்கு அந்நாட்டுக் குடியுரிமை வந்துவிடாது. திருமணம் தருவது விண்ணப்பிக்கும் தகுதி. விண்ணப்பத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் நடுவே பல ஆண்டுகள் ஓடும். அந்த ஆண்டுகளில் ஒருவர் அங்கே தங்கியிருப்பது இன்னொருவரின் கையெழுத்தைப் பொறுத்தது. சம்பளத்தையும் நகையையும் பற்றி மணிக்கணக்கில் பேசும் வீடுகளில் இதைப் பற்றி மட்டும் பேச்சே எழுவதில்லை. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மிகுதியாக எதிர்கொள்ளும் அமெரிக்கச் சட்டத்தை விரிவாகவும் மற்ற நாடுகளைச் சுருக்கமாகவும் பார்க்கலாம்.

## மூன்று நிலைகள்

1. தற்காலிக விசா. வேலை, படிப்பு, சுற்றுலா போன்ற ஒரு காரணத்துக்காக, குறிப்பிட்ட காலம் வரை தங்க அனுமதி. காரணம் போனால் அனுமதியும் போய்விடும்.

2. நிரந்தரக் குடியிருப்பு. அமெரிக்காவில் இதற்கான அட்டைதான் கிரீன் கார்டு. எங்கும் வேலை செய்யலாம், வீடு வாங்கலாம், நாட்டை விட்டுப் போய்த் திரும்பி வரலாம். தேசியத் தேர்தல்களில் வாக்குரிமை கிடையாது. நீண்டகாலம் வெளிநாட்டில் தங்கிவிட்டாலோ சில குற்றங்களில் தண்டனை பெற்றாலோ இந்த உரிமையை இழக்க நேரிடும். இதை வைத்திருப்பவர் இந்தியக் குடிமகனாகவே தொடர்கிறார்.

3. குடியுரிமை. வாக்கு, பாஸ்போர்ட், நாடு கடத்தப்படாத பாதுகாப்பு. பொய் சொல்லிப் பெற்றதாக நிரூபணமானால் தவிர இதைப் பறிப்பது எளிதல்ல.

கிரீன் கார்டைக் குடியுரிமை என்று நினைத்துக்கொள்வதும், எச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவைக் கிரீன் கார்டு என்று நினைத்துக்கொள்வதும்தான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம்.

## திருமணத்தோடு நாடும் மாறிய காலம்

மணந்தால் குடியுரிமை தானாக வரும் என்ற எண்ணம் வெறும் கற்பனையில் பிறந்ததல்ல. ஒரு காலத்தில் சட்டமே அப்படித்தான் இருந்தது. அமெரிக்கக் குடிமகனை மணக்கும் வெளிநாட்டுப் பெண், குடியுரிமை பெறத் தகுதியுள்ள இனத்தவராக இருந்தால், திருமணத்தாலேயே அமெரிக்கர் ஆவார் என்று 1855இல் ஒரு சட்டம் வந்தது. அதன் மறுபக்கமாக, வெளிநாட்டவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழந்து கணவரின் நாட்டவர் ஆகிவிடுவார் என்றது 1907ஆம் ஆண்டுச் சட்டம்.

கலிபோர்னியாவில் பிறந்து வளர்ந்த எதெல் மெக்கன்சி 1909இல் ஒரு பிரிட்டிஷ் குடிமகனை மணந்தார். மணந்த பிறகும் கலிபோர்னியாவிலேயே வாழ்ந்தார். 1911இல் அந்த மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. 1913இல் வாக்காளராகப் பதிவு செய்யச் சென்ற அவரை, நீங்கள் அமெரிக்கரே அல்ல என்று சான் பிரான்சிஸ்கோ அதிகாரிகள் திருப்பி அனுப்பினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வெளிநாட்டவரை மணப்பதன் விளைவு தெரிந்தே அவர் மணந்தார், ஆகவே குடியுரிமையைத் தாமே விட்டுக்கொடுத்ததாகத்தான் பொருள் என்று 1915இல் தீர்ப்பு வந்தது.

1922இல் வந்த கேபிள் சட்டம் இந்த இரண்டு வழிகளையும் அடைத்தது. வெளிநாட்டு மனைவிக்குத் தானாகக் குடியுரிமை வருவதும், அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமை தானாகப் போவதும் நின்றன. ஆனால் ஒரு விதிவிலக்கு இருந்தது. குடியுரிமை பெறவே தகுதியற்ற இனத்தவரை, அதாவது அன்றைய சட்டப்படி ஆசியரை, மணக்கும் பெண் மட்டும் குடியுரிமையை இழப்பார். இந்தியர்கள் 'வெள்ளையர்' அல்லர் என்று 1923இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததால் அவர்களும் இந்த வரையறைக்குள் வந்தார்கள். இந்திய விடுதலைப் போராளி தாரக்நாத் தாஸை மணந்த அமெரிக்கப் பெண் மேரி, சொந்த நாட்டின் குடியுரிமையை இழந்தது இப்படித்தான். இந்த விதிவிலக்கு 1931இல் நீக்கப்பட்டது.

திருமணத்தால் பெண்ணின் குடியுரிமை தானாக மாறக் கூடாது என்று 1957ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையும், பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் 1979ஆம் ஆண்டு உடன்படிக்கையின் 9ஆம் பிரிவும் சொல்கின்றன. இன்று திருமணத்தால் எதுவும் தானாக மாறுவதில்லை என்ற நிலை பெண்களின் உரிமைப் போராட்டத்தால் வந்தது. அதைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை.

## மாப்பிள்ளையின் நிலை என்ன? முதல் கேள்வி இதுதான்

(மாப்பிள்ளை என்று எழுதினாலும், மணமகள் அங்கிருந்து மணமகன் இங்கிருந்து போனாலும் விதிகள் இவையேதான்.)

1. அமெரிக்கக் குடிமகன். குடிமக்களின் கணவன் அல்லது மனைவி 'உடனடி உறவினர்' என்ற வகையில் வருவார். இந்த வகைக்கு ஆண்டு உச்சவரம்பு கிடையாது. காத்திருப்பெல்லாம் அலுவலக நடைமுறைக்கானதுதான்.

2. கிரீன் கார்டு வைத்திருப்பவர். மனைவி எஃப்2ஏ என்ற வகையில் வருவார். இதற்கு ஆண்டு வரம்பு உண்டு, வரிசையும் உண்டு. வரிசை நகரும்வரை கணவர் அங்கே, மனைவி இங்கே. குடியேறும் எண்ணம் வெளிப்படையாகத் தெரிவதால் சுற்றுலா விசாவும் எளிதில் கிடைக்காது. இடையில் கணவர் குடியுரிமை பெற்றால் மனு முதல் வகைக்கு உயர்ந்துவிடும். அந்தச் செய்தியை விசா மையத்துக்குச் சான்றோடு தெரிவிப்பது குடும்பத்தின் பொறுப்பு.

3. எச்-1பி வேலை விசாவில் இருப்பவர். மனைவிக்கு எச்-4 என்ற சார்பு விசா. அது கணவரின் வேலையை ஒட்டியே உயிரோடு இருக்கும். அவருக்கு வேலை போனாலோ விவாகரத்து ஆனாலோ எச்-4 அந்தஸ்தும் முடிந்துவிடும். எச்-4இல் இருப்பவர் வேலை செய்ய 2015 முதல் அனுமதி உண்டு என்றாலும், கணவரின் கிரீன் கார்டு முயற்சி குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். அதுவரை பொறியியல் பட்டம் பெற்ற பெண்ணாக இருந்தாலும் வீட்டில்தான் இருக்க வேண்டும்.

4. எஃப்-1 மாணவர் விசாவில் இருப்பவர். மனைவிக்கு எஃப்-2. வேலை செய்யக் கூடாது, முழுநேரப் பட்டப்படிப்பும் சேர முடியாது.

நம் ஊர் வரன்களில் மூன்றாம் வகைதான் அதிகம் என்பதால் அதில் இரண்டு நுணுக்கங்களைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, திருமணத் தேதி. வேலை வழியாகக் கணவருக்குக் கிரீன் கார்டு கிடைக்கும் நாளுக்கு முன்பே திருமணம் முடிந்திருந்தால், மனைவி அவருடைய விண்ணப்பத்தின் பகுதியாகவே கிரீன் கார்டு பெறலாம். கணவர் முன்னால் பெற்றுவிட்டாலும், பின்தொடர்ந்து சேரும் உரிமை மனைவிக்கு உண்டு. கிரீன் கார்டு கைக்கு வந்த மறுநாள் திருமணம் நடந்தால் அந்த உரிமை இல்லை. புதிதாக மனு போட்டு எஃப்2ஏ வரிசையில் நிற்க வேண்டும். "முதலில் கிரீன் கார்டு வரட்டும், பிறகு கல்யாணம்" என்று காத்திருக்கும் குடும்பங்கள், நல்லது என்று நினைத்துச் செய்யும் தாமதத்தாலேயே தம்பதியைப் பிரித்து வைத்துவிடுகின்றன. தை பிறக்கட்டும் என்று தள்ளிப்போட்ட முகூர்த்தம் ஆண்டுக்கணக்கான பிரிவில் கொண்டுபோய் விடலாம்.

இரண்டாவது, பிறந்த நாடு. வேலை வழி கிரீன் கார்டில் ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு மொத்தத்தில் 7 சதவீதம் என்ற வரம்பு இருப்பதால் இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை மிக நீளம். கணக்கில் வருவது எந்த நாட்டின் பாஸ்போர்ட் என்பதல்ல, எந்த நாட்டில் பிறந்தார் என்பதுதான். தம்பதியைப் பிரிக்கக் கூடாது என்பதற்காக, மனைவி பிறந்த நாட்டின் கணக்கில் கணவரையும் சேர்த்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. திருச்சியில் பிறந்த பொறியாளர் யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ பிறந்த பெண்ணை மணந்தால், இருவரும் சேர்ந்து இந்திய வரிசையிலிருந்து விலகிவிடலாம். பெற்றோர் வெளிநாட்டில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்து, பிறகு சென்னையில் வளர்ந்தவர்களுக்கும் இது பொருந்தும். பலருக்கு இது தெரிவதே இல்லை.

## மனு முதல் நேர்காணல் வரை

குடிமகனோ கிரீன் கார்டு உள்ளவரோ மனைவிக்காகப் போடும் மனு ஐ-130. அது ஏற்கப்பட்ட பிறகு, இந்தியாவில் இருப்பவர் துணைத் தூதரகத்தில் குடியேற்ற விசா நேர்காணலுக்குப் போவார். முறையாக அமெரிக்காவுக்குள் வந்து அங்கேயே இருப்பவர் ஐ-485 படிவத்தில் அந்தஸ்து மாற்றம் கேட்பார். அங்கேயே தங்கிவிடும் திட்டத்தோடு சுற்றுலா விசாவில் போய் இறங்குவது ஆபத்தானது. நோக்கத்தை மறைத்ததாக அதிகாரி முடிவு செய்தால் வாழ்நாள் தடை வரை போகலாம்.

ஐ-864 என்ற ஆதரவு உறுதிமொழியைக் கவனித்துப் படிக்க வேண்டும். கூட்டரசின் வறுமைக்கோட்டு அளவில் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானம் தனக்கு இருக்கிறது, வருபவரை அந்த அளவில் தாங்குவேன் என்று மனுதாரர் அரசுக்கு எழுதிக் கொடுக்கிறார். வந்தவர் குடியுரிமை பெறும்வரை அல்லது சுமார் பத்து ஆண்டு வேலைக் கணக்கு சேரும்வரை அது நீடிக்கும். விவாகரத்து ஆனாலும் முடிவதில்லை. கைவிடப்பட்ட மனைவி இதன் அடிப்படையில் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

நேர்காணலில் அதிகாரி பார்ப்பது ஒன்றைத்தான்: உண்மையான திருமணமா, காகிதத் திருமணமா? சந்தேகம் வந்தால் இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து ஒரே கேள்விகளைக் கேட்பார்கள். கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பார், நேற்று இரவு என்ன சாப்பிட்டீர்கள், காலையில் முதலில் எழுவது யார், மாமியாரின் பெயர் என்ன. கூட்டு வங்கிக் கணக்கு, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம், சேர்ந்து தாக்கல் செய்த வருமானவரி, காப்பீட்டில் வாரிசுப் பெயர் ஆகியவை சாட்சிகள்.

பெற்றோர் பார்த்து வைத்த திருமணத்தில், மணமக்கள் அதற்கு முன் சில முறைதான் பேசியிருப்பார்கள் என்பது அதிகாரிக்கு விசித்திரமாகப் படலாம். அதற்குத் தயங்க வேண்டாம். பெண் பார்த்த நாளின் படங்கள், நிச்சயதார்த்த வீடியோ, இரு வீட்டாரின் பெயர்களும் அச்சான அழைப்பிதழ், மண்டப ரசீது எல்லாமே சான்றுதான். காதலித்து மணந்ததாகக் கதை கட்டுவதுதான் தவறு.

தமிழ்நாட்டில் நடக்கும் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுச் சட்டம். அந்தச் சான்றிதழ் இல்லாமல் எதுவும் நகராது. இனிஷியலும் அப்பா பெயரும் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும் பாஸ்போர்ட்டில் வேறு விதமாகவும் இருந்தால் அதைத் திருமணத்துக்கு முன்பே சரிசெய்துகொள்வது நல்லது. முன்பு ஒரு திருமணம் நடந்து முடிந்திருந்தால் நீதிமன்றத்தின் விவாகரத்து ஆணை தேவை. பத்திரத்தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட விடுதலைப் பத்திரம் பெரும்பாலும் செல்லாது.

பொய்த் திருமணத்துக்குத் தண்டனை 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம். அதைவிடக் கடுமையானது, பிற்காலத்தில் உண்மையாகவே வேறொருவரை மணந்தாலும் மனு ஏற்கப்படாது என்ற நிரந்தரத் தடை.

## இரண்டு ஆண்டு அட்டை

நிரந்தரக் குடியிருப்பு கிடைக்கும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறைந்திருக்காவிட்டால், கையில் வருவது நிபந்தனைக்குட்பட்ட இரண்டு ஆண்டு கிரீன் கார்டு. 1986இல் போலித் திருமணங்களைத் தடுக்கக் கொண்டுவந்த ஏற்பாடு இது. அட்டையில் வகை என்ற இடத்தில் சி.ஆர். என்று தொடங்கும் குறியீடு இருந்தால் நிபந்தனை உண்டு. ஐ.ஆர். என்று இருந்தால் இல்லை. வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு விசா குத்திய நாள் கணக்கில்லை, அமெரிக்காவில் இறங்கிய நாளே கணக்கு. இரண்டாம் திருமண நாளுக்குச் சில நாள் இருக்கையில் விசா கிடைத்தால், அந்த நாள் கழிந்தபின் விமானம் ஏறுவது பல மாத வேலையையும் செலவையும் மிச்சப்படுத்தும்.

நிபந்தனை அட்டை காலாவதியாவதற்கு முந்தைய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து ஐ-751 படிவம் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் அந்தஸ்து போய், நாடு கடத்தும் நடவடிக்கை தொடங்கலாம்.

"கையெழுத்துப் போட மாட்டேன், ஊருக்கே திரும்பிப் போ" என்ற மிரட்டல் பிறப்பது இந்த இடத்தில்தான். அந்த மிரட்டலுக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது. பாதிக்கப்படும் பெண்களில் பலருக்கு அது தெரியாமல் இருப்பதே மிரட்டுபவருக்குக் கிடைக்கும் பலம்.

## உறவு முறிந்தால்

1. விவாகரத்து. திருமணம் உண்மையானது என்று நிரூபித்தால் ஐ-751ஐத் தனியாகவே தாக்கல் செய்யலாம். 90 நாள் வரம்பும் இதற்கு இல்லை.

2. கொடுமை. நிபந்தனை அட்டை உள்ளவர் இதே படிவத்தில் விலக்குக் கேட்கலாம். இன்னும் அட்டையே வராதவர், கணவர் குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருந்தால், 1994ஆம் ஆண்டின் பெண்களுக்கு எதிரான வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் ஐ-360 என்ற சுயமனு போடலாம். பெயர் அப்படி இருந்தாலும் ஆண்களுக்கும் பொருந்தும். மனுவைப் பற்றிக் கணவரிடம் அதிகாரிகள் தெரிவிக்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. விவாகரத்து ஆகியிருந்தால் இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

3. எச்-4இல் இருப்பவர். இவருக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. கொடுமைக்குள்ளான எச்-4 மனைவி வேலை அனுமதி கேட்க ஐ-765வி என்ற தனிப் படிவம் உண்டு. ஆனால் நிரந்தரமாகத் தங்கும் வழி அதில் இல்லை. நம் பெண்கள் பெருமளவில் போவது இந்த விசாவில்தான் என்பதை நினைத்தால் மனம் பொறுப்பதில்லை.

4. மரணம். குடிமகனான கணவர் இறந்தால் மனுவும் அவரோடு முடிந்துவிடும் என்பதுபோல் ஒரு காலத்தில் பல பெண்கள் தவித்தார்கள். 2009இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது இரண்டு ஆண்டுக்குள் தானே மனு போடலாம்.

5. இந்தியாவில் விட்டுவிட்டுப் போவது. விடுமுறைக்கு என்று ஊருக்கு அழைத்து வந்து, பாஸ்போர்ட்டையும் கிரீன் கார்டையும் எடுத்துக்கொண்டு தனியே விமானம் ஏறும் கணவர்கள் இருக்கிறார்கள். அட்டை இல்லாவிட்டாலும், ஐ-131ஏ படிவம் மூலம் தூதரகத்தில் பயண ஆவணம் பெற்றுத் திரும்பலாம். ஓர் ஆண்டுக்கு மேல் வெளியே இருந்துவிட்டால் இது கடினமாகிவிடும், ஆகவே தாமதிக்கக் கூடாது. அட்டையின் இரு பக்கமும், பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கமும் நகலெடுத்து அம்மா வீட்டில் ஒரு பிரதி, சொந்த மின்னஞ்சலில் ஒரு பிரதி வைத்திருக்க வேண்டும். தேசிய மகளிர் ஆணையத்தில் வெளிநாட்டு இந்தியர் திருமணப் புகார்களுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

## குடியுரிமையும் இந்தியப் பாஸ்போர்ட்டும்

கிரீன் கார்டு பெற்றவர் பொதுவாக 5 ஆண்டு கழித்துக் குடியுரிமை கேட்கலாம். குடிமகனை மணந்தவருக்கு அது 3 ஆண்டு. அந்த மூன்று ஆண்டும் அதே துணையோடு சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும், துணை அந்த மூன்று ஆண்டும் குடிமகனாக இருந்திருக்க வேண்டும், குறைந்தது 18 மாதம் நேரில் அமெரிக்காவில் இருந்திருக்க வேண்டும். நிபந்தனை அட்டையின் காலமும் கணக்கில் சேரும். இடையில் விவாகரத்து ஆனால் கிரீன் கார்டு போகாது, மூன்று ஆண்டுச் சலுகை மட்டும் போய் ஐந்தாண்டு விதி வந்துவிடும்.

அமெரிக்கக் குடியுரிமை பெற்ற கணத்தில், 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 9ஆம் பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை முடிகிறது. பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாக வேண்டும். அதன்பின் பெறும் ஓ.சி.ஐ. அட்டை வாழ்நாள் விசா போன்றது. வாக்குரிமை இல்லை, விவசாய நிலம் வாங்க முடியாது. ஊரில் வயலும் வயதான பெற்றோரும் இருப்பவர்கள் உறுதிமொழி எடுக்கும் முன் இதை யோசிக்க வேண்டும்.

## மற்ற நாடுகள்

பிரிட்டனில் வாழ்க்கைத் துணை விசாவுக்கான குறைந்தபட்ச ஆண்டு வருமானம் 2024 ஏப்ரலில் 18,600 பவுண்டிலிருந்து 29,000 பவுண்டாக உயர்ந்தது. கனடா, மணந்து வருபவருக்கு நேரடியாக நிரந்தரக் குடியிருப்பே தருகிறது. இரண்டு ஆண்டு நிபந்தனையை 2017இல் கைவிட்டது. ஆனால் குடியுரிமையில் சலுகை இல்லை, ஐந்து ஆண்டில் 1,095 நாள் அங்கே இருந்திருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் பொது. ஜெர்மனியில் 3 ஆண்டு வசிப்பும் 2 ஆண்டு மணவாழ்க்கையும், ஸ்பெயினில் ஓர் ஆண்டு வசிப்பும், பிரான்சில் மணமாகி 4 ஆண்டும் குடியுரிமை கேட்க அடிப்படை. மலேசியாவில் அரசமைப்பின் 15ஆம் பிரிவு குடிமகனின் வெளிநாட்டு மனைவிக்குத்தான் பதிவு மூலம் குடியுரிமை பெறும் உரிமை தருகிறது. மலேசியப் பெண்ணை மணக்கும் தமிழ்நாட்டு இளைஞருக்கு அந்த வழி இல்லை.

## இந்தியாவின் பக்கம்

இந்தியரை மணக்கும் வெளிநாட்டவர், பதிவு செய்த திருமணம் 2 ஆண்டு நீடித்திருந்தால் ஓ.சி.ஐ. பெறலாம். விவாகரத்து ஆனால் அது ரத்தாகும். குடியுரிமைக்கு 7 ஆண்டு இந்தியாவில் வசித்திருக்க வேண்டும். ராஜீவ் காந்தியை 1968இல் மணந்த சோனியா காந்தி இந்தியக் குடியுரிமை பெற்றது 1983இல்.

இந்த ஏழாண்டு வழி மூடப்பட்டிருக்கும் ஒரு கூட்டம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. போரிலிருந்து தப்பிப் படகில் வந்த இலங்கைத் தமிழர்களில் பலரிடம் அன்று பாஸ்போர்ட் இல்லை. உரிய ஆவணமின்றி நுழைந்தவர் 'சட்டவிரோதக் குடியேறி' என்றும், அவர் பதிவு மூலம் குடியுரிமை கேட்க முடியாது என்றும் 2003ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. உள்ளூர்க்காரரை மணந்து, இங்கேயே பல ஆண்டு வாழ்ந்து, ரேஷன் அட்டையில் மருமகளாகப் பெயர் இருந்தாலும் விதி ஒன்றுதான். 2019ஆம் ஆண்டுத் திருத்தம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த ஆறு சமயத்தவருக்கு (முஸ்லிம்கள் நீங்கலாக) அளித்த விலக்கில் இலங்கை இல்லை. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களுக்கு 2025 செப்டம்பரில் வந்த ஆணை ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. குடியுரிமை அதில் இல்லை.

பிள்ளைகளின் நிலை இதைவிட வேதனையானது. 2004 டிசம்பர் 3 அன்றோ அதன் பிறகோ இந்தியாவில் பிறந்த குழந்தை பிறப்பால் இந்தியர் ஆக, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது, மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கவும் கூடாது. மதுரைக்காரரான அப்பாவுக்கும் ஆவணமின்றி வந்து மண்டபம் அகதி முகாமில் வளர்ந்த அம்மாவுக்கும் பிறந்த அண்ணன் 2003இல் பிறந்தவன், தங்கை 2006இல் பிறந்தவள் என்று வைத்துக்கொண்டால், சட்டத்தின் எழுத்துப்படி அண்ணன் இந்தியன், தங்கை இந்தியர் அல்லள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாஸ்போர்ட் விண்ணப்பிக்கும் முன், 2003ஆம் ஆண்டுத் திருத்தத்தையும் அம்மா நாட்டுக்குள் வந்தபோது கையிலிருந்த ஆவணங்களையும் அறிந்த வழக்கறிஞரிடம் பிறப்புச் சான்றிதழைக் காட்டி ஆலோசிக்க வேண்டும்.